கேபினட்டுக்குள் காற்றின் பாதை

மேசைக் கணினி 400 வாட் மின்சாரம் எடுத்துக்கொண்டால், அந்த 400 வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வரும். பம்புசெட் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அது எடுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு ஏறிய தண்ணீரில் இருக்கிறது. பிராசசர் செய்யும் வேலைக்கு அப்படி ஒரு எடை கிடையாது. வினாடிக்குப் பல கோடி கணக்குகளைப் போட்டு முடித்த பிறகும், இயற்பியல் கணக்கில் மிஞ்சுவது வெப்பம் மட்டுமே. அந்த வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போக நம்மிடம் இருப்பது காற்று. தண்ணீர்க் குளிரூட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. தண்ணீர், வெப்பத்தைச் சிப்பிலிருந்து ரேடியேட்டர் வரைதான் கொண்டுபோகும். அங்கிருந்து எடுத்துப்போக மறுபடியும் காற்றுதான் வர வேண்டும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதை யாரும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,000 ஜூல் தேவை. உள்ளே போகும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியே வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 400 வாட்டுக்கு வினாடிக்கு 33 லிட்டர் காற்று ஓட வேண்டும். நடுத்தர அளவுள்ள கேபினட்டின் கொள்ளளவு 45 லிட்டர் என்றால், உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றரை வினாடிக்குள் ஒருமுறை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி காற்றுதான் ஓடுகிறது என்றால் சூடு 10 டிகிரிக்குப் பதில் 20 டிகிரி ஏறும்.

இந்தக் கூடுதல் 10 டிகிரி எங்கும் கரைந்து போகாது, நேராகப் பிராசசரின் தலையில் போய் உட்காரும். பிராசசரின் வெப்பநிலை மூன்று படிகளின் கூட்டுத்தொகை: அறையின் வெப்பம், கேபினட்டுக்குள் காற்று ஏறிய சூடு, காற்றுக்கும் சிப்புக்கும் நடுவே ஹீட் சிங்க்கும் தெர்மல் பேஸ்ட்டும் விட்டுவைக்கும் இடைவெளி. 125 வாட் பிராசசரும், வாட்டுக்கு 0.35 டிகிரி தடை உள்ள கூலரும் இருப்பதாகக் கொள்வோம். மூன்றாவது படி 44 டிகிரி. ஏசி ஓடும் 22 டிகிரி அறையில், நல்ல காற்றோட்டம் இருந்தால் மொத்தம் 76 டிகிரி, கவலையே இல்லை. அதே கணினியை மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத 35 டிகிரி அறைக்குக் கொண்டுவந்தால் 89. காற்றோட்டமும் பாதியாகக் குறைந்தால் 99. இன்டெலின் பல பிராசசர்களுக்கு 100 டிகிரி எல்லைக்கோடு. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எல்லை 95. குளிர்நாட்டு விமர்சகர் 'இந்தக் கேபினட் போதும்' என்று எழுதியதைப் படித்து வாங்கியவர், நம் ஊர் வெயிலில் அந்த 13 டிகிரியை எங்கிருந்தாவது சம்பாதித்தாக வேண்டும். மூன்று படிகளில் அதிகச் செலவில்லாமல் நம் கைக்கு எட்டுவது நடுப்படிதான்.

வேகம் குறைவது மட்டுமல்ல இழப்பு. மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ் எனும் மின்வழங்கியிலும் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது மின்னணுத் துறையில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. எந்நேரமும் சூடாகவே ஓடும் கணினிக்கு ஆயுள் குறைவு என்று ரிப்பேர் கடைக்காரர் சொன்னால், அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது.

'சூடான காற்று மேலேதான் போகும். மேல்பக்கம் ஓட்டை இருந்தால் தானாக வெளியேறிவிடும்' என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. 40 செ.மீ. உயரப் பெட்டியில், வெளிக்காற்றைவிட 10 டிகிரி சூடான காற்றுக்குக் கிடைக்கும் மேல்நோக்கிய உந்துதல் சுமார் 0.16 பாஸ்கல். சாதாரண 120 மி.மீ. ஃபேன் ஒன்று 10 முதல் 25 பாஸ்கல் வரை அழுத்தம் தரக்கூடியது. ஃபேன் ஓடும் பெட்டியில் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஃபேன்தான். சூட்டின் மிதப்புக்கு அங்கே பேச்சே இல்லை. ஃபேனே இல்லாத கணினியில்தான் அதற்கு மதிப்பு. ஆப்பிள் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட பவர் மேக் ஜி4 க்யூப், நடுவே செங்குத்தான குழல் வைத்து அந்த மிதப்பை மட்டுமே நம்பிக் குளிர்ந்தது. அந்தக் காலத்துச் சிப்கள் எடுத்த மின்சாரத்துக்கு அது கட்டுப்படியானது. 2022-ல் வந்த இன்டெல் கோர் ஐ9-13900கே, முழு வேகத்தில் 253 வாட் வரை எடுக்கும். அந்தச் சிப்பின் பரப்போ 257 சதுர மி.மீ. தான்.

ஃபேன் தரும் 10, 25 பாஸ்கல் என்பதைப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அது ஒன்றிலிருந்து இரண்டரை மி.மீ. உயரத் தண்ணீரின் கனம். அவ்வளவு சொற்பமான தள்ளுவிசையை வைத்துக்கொண்டு ஃபேன், முன்பக்கத் தட்டு, தூசி வடிகட்டி, வலை, ஹீட் சிங்க் தகடுகள், பின்பக்க வலை என்று அத்தனை தடைகளையும் தாண்டியாக வேண்டும். ஃபேன் வந்த அட்டைப்பெட்டியின் மேல் 'நிமிடத்துக்கு 55 கன அடி' என்று அச்சிட்டிருப்பது, எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது அளந்த எண். கேபினட்டுக்குள் வைத்ததும் அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம்.

எந்தத் தடை எவ்வளவு தின்கிறது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. கேபிள் ஒழுங்கைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்த விதியில் அடங்கிவிடும். தடையால் வீணாகும் அழுத்தம், அந்த இடத்தில் காற்று ஓடும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். வேகம் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு. கேபினட்டின் நடுவே, 20 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள திறந்த வெளியில், வினாடிக்கு 40 லிட்டர் காற்று ஓடினாலும் அதன் வேகம் வினாடிக்கு அரை மீட்டர்தான். அதே காற்றை இரண்டு முன்பக்க ஃபேன்கள் பங்கிட்டு இழுக்கும்போது, ஒவ்வொரு ஃபேனின் வாயிலும் வேகம் இரண்டு மீட்டருக்கு மேல். நான்கு மடங்குக்கும் கூடுதலான வேகம். இருமடியாக்கினால் ஏறக்குறைய 20 மடங்கு. ஆக, நடுவெளியில் தொங்கும் ஒயரும், ஃபேன் வாயை மறைத்து நிற்கும் அதே ஒயரும் சமமான குற்றம் செய்யவில்லை. பின்னது 20 மடங்கு கெடுதல்.

கேபிளை ஒழுங்குபடுத்தினால் பிராசசர் குளிர்ந்துவிடும் என்று நம்பி ஒரு நாள் முழுக்க உழைத்தவர்கள், வெப்பமானியில் ஒன்றிரண்டு டிகிரிகூட மாறாததைக் கண்டு சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். மெதுவாக ஓடும் இடத்தில் இருந்த ஒயரை எடுத்து அழகாகக் கட்டியிருப்பார்கள். காற்று வேகமாக ஓடும் இடங்கள் நான்கைந்துதான்: முன் ஃபேனுக்கு முன்னும் பின்னும் சில செ.மீ., பிராசசர் கூலரின் வாய், கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே உள்ள இடைவெளி, பின்பக்க வெளியேற்றும் ஃபேன், எஸ்எம்பிஎஸ் காற்று இழுக்கும் பக்கம். இந்த இடங்களில் ஒரு கேபிளும் குறுக்கே நிற்கக் கூடாது. மற்ற இடங்களில் ஒழுங்கு இருந்தால் தூசி தட்டவும் பழுது பார்க்கவும் வசதி. அதுவும் நல்ல காரணம்தான். வெப்பத்தோடு மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம்.

கேபிள் உண்மையிலேயே காற்றை மறித்த காலம் ஒன்று இருந்தது. ஹார்டு டிஸ்க்கையும் சிடி டிரைவையும் மதர்போர்டோடு இணைத்த பழைய ஐடிஇ கேபிள், 5 செ.மீ. அகலத்தில் பட்டையாக இருக்கும். 40 கம்பிகள் பக்கம் பக்கமாக ஒட்டியவை. வேகம் கூடிய பிறகு கம்பிகளுக்கு நடுவே குறுக்கீட்டைத் தடுக்க இன்னொரு 40 தரைக்கம்பி சேர்த்து 80 ஆக்கினார்கள். அது முன்பக்க ஃபேனுக்கு நேர் பின்னால், டிரைவ் கூண்டிலிருந்து மதர்போர்டு வரை திரைச்சீலையாகத் தொங்கியது. அதை நீளவாக்கில் கிழித்து உருட்டி வட்டக் கேபிளாக விற்ற கடைகளும் உண்டு. காற்றுக்கு நல்லது, சமிக்ஞைக்கு அவ்வளவு நல்லதல்ல. 2003-ல் வந்த சாட்டா தரம் 80 கம்பியை 7 ஆகச் சுருக்கி அந்தத் திரையை விலக்கியது. இன்று எம்.2 எஸ்எஸ்டி மதர்போர்டிலேயே செருகிக்கொள்கிறது, கேபிளே கிடையாது. மிச்சம் இருப்பவை தடித்த மின் கேபிள்கள்: 24 பின் மதர்போர்டு கேபிள், பிராசசருக்கான 8 பின் கேபிள், கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் கேபிள்கள்.

கேபினட்டின் வடிவத்தையே காற்றுக்காக மாற்றிப்போடும் முயற்சியும் நடந்தது. 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்பின் முதல் வடிவத்தில், எஸ்எம்பிஎஸ் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பிராசசர் மேல் ஊதுவதாக எண்ணம். பிராசசர்களின் சூடு ஏற ஏற அந்த ஊதல் போதாமல், பிராசசருக்கென்றே ஹீட் சிங்க்கும் ஃபேனும் வந்தன. எஸ்எம்பிஎஸ் காற்றை வெளியே தள்ளுவதே வழக்கமானது. பென்டியம் 4 சிப்கள் 100 வாட்டை நெருங்கிய நாட்களில், 2003-ல் பிடிஎக்ஸ் என்ற புது அமைப்பை இன்டெல் அறிவித்தது. முன்பக்கம் ஒரு பெரிய ஃபேன், அதன் எதிரே முதலில் பிராசசர், அதே நேர்கோட்டில் மற்றவை, பின்பக்கம் வெளியேற்றம். வாசலில் நின்றால் கொல்லைப்புறம் தெரியும்படி கட்டிய பழைய வீடுகளில் காற்று எப்படி ஓடுமோ அப்படி. காற்றோட்டத்துக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் 2006-ல் 65 வாட்டில் ஓடும் கோர் 2 டுவோ வந்ததும் அவசரம் தணிந்துவிட்டது. அந்த ஆண்டே இன்டெல் பிடிஎக்ஸைக் கைவிட்டது. இன்று 250 வாட் பிராசசரையும் 450 வாட் கிராஃபிக்ஸ் கார்டையும் வைத்துக்கொண்டு, 1995-ன் அமைப்பிலேயே காலம் தள்ளுகிறோம். அதனால்தான் காற்றுக்கான வழியை வாங்குபவரே யோசிக்க வேண்டியிருக்கிறது.

யோசிப்பதை முன்பக்கத்தில் தொடங்க வேண்டும். கண்ணாடியால் மூடிய முன்பக்கம் கடையில் பார்க்க அழகாக இருக்கும். காற்றோ பக்கவாட்டில் இருக்கும் விரலகலச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். சந்து சிறுத்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் இழப்பு அதன் இருமடிக்கு ஏற்பக் கூடும். அந்த வழியின் பரப்பு பாதியானால் அதே காற்றை இழுக்க நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். கையில் இருப்பதோ இரண்டு மி.மீ. தண்ணீர்! கண்ணாடி முகப்புக்குப் பின்னால் வண்ண விளக்கு ஃபேன்களை எத்தனை அடுக்கினாலும், சல்லடை முகப்புள்ள எளிய கேபினட் அவற்றை எளிதில் தோற்கடிக்கும். வாங்கும்போது மற்ற எதையும்விட இதைப் பாருங்கள் என்பேன்.

அடுத்தது ஃபேன்களின் திசை. பிளாஸ்டிக் குறுக்குச் சட்டங்களும் ஸ்டிக்கரும் தெரியும் பக்கம்தான் காற்று வெளியே வரும் பக்கம். முன்னால் இரண்டு ஃபேன் இழுக்க, பின்னால் ஒன்று தள்ளினால் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் போதும். மேல்பக்கம் இன்னொன்று வைப்பதென்றால் பின்மூலையில் வையுங்கள். மேலே முன்மூலையில் வைத்த ஃபேன், முன்பக்கம் வழியே அப்போதுதான் நுழைந்த குளிர்காற்றைப் பிராசசரிடம் போவதற்கு முன்பே பிடித்து வெளியே தள்ளிவிடும். இழுப்பது தள்ளுவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். உள்ளே அழுத்தம் சிறிது கூடினால், சந்துகள் எல்லாவற்றிலும் காற்று வெளிநோக்கிக் கசியும். தூசி வடிகட்டி இருக்கும் வழியாக மட்டுமே நுழைய முடியும். தள்ளுவது அதிகமானால் யூஎஸ்பி துளை, பின்பக்க இடுக்கு என்று வடிகட்டி இல்லாத எல்லா வழியிலும் தூசி உள்ளே இழுபடும்.

நம் தெருத் தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே இருப்பது இரண்டு மி.மீ. அளவிலான இடைவெளி. பஞ்சும் முடியும் மண்துகளும் சேர்ந்து ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளியாகப் படிந்துவிடும். ஃபேனைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். காற்று வேகமாக ஓடும் இடத்திலேயே உட்காருவதால், எந்தக் கேபிளையும்விட அதிகக் கெடுதல் செய்வது அதுதான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு புளோயரால் ஊதலாம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும், மோட்டார் ஜெனரேட்டராகி மதர்போர்டுக்குள் மின்னழுத்தத்தையும் அனுப்பலாம். கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு சாண் உயரத்தில் வைத்தாலே தூசி கணிசமாகக் குறையும்.

கேபிள் போடும் வேலைக்கு வருவோம். பிராசசருக்கான 8 பின் கேபிளை மதர்போர்டைத் திருகுவதற்கு முன்பே மேல்மூலைத் துளை வழியாக இழுத்து வைத்துவிடுவது நல்லது. கூலர் ஏறிய பிறகு அந்த மூலைக்குள் விரல் நுழையாது. 24 பின் கேபிளை மதர்போர்டுத் தட்டின் பின்பக்கம் கொண்டுபோய், செருகுமிடத்துக்கு அருகில் உள்ள துளையில் வெளியே எடுக்க வேண்டும். தட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவே இரண்டு செ.மீ. இடம் இருந்தால் தாராளம். பின்னால் இடமே இல்லாத, எஸ்எம்பிஎஸ் மேலே இருக்கும் பழைய கேபினட் என்றால், பயன்படாத ஒயர்களைச் சேர்த்துக் கட்டிக் காலியான சிடி டிரைவ் கூண்டுக்குள் தள்ளிவிடுங்கள். அங்கே காற்றுக்கு வேலை இல்லை. முன்பக்க பட்டன், யூஎஸ்பி ஒயர்கள் மதர்போர்டின் கீழ்விளிம்பை ஒட்டியே போகட்டும். ஃபேன் ஒயரின் மிச்ச நீளத்தை ஃபேனின் சட்டத்திலேயே கட்டிவிட வேண்டும்; தளர்ந்த ஒயர் இறக்கையில் சிக்கினால் ஃபேன் நின்றுவிடும். பிளாஸ்டிக் கேபிள் டையைவிட வெல்க்ரோ பட்டை மேல், நாளை ஒரு டிரைவ் சேர்க்கும்போது வெட்ட வேண்டியதில்லை. சாட்டா கேபிளைக் கூர்மையாக மடித்து இறுக்காதீர்கள்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், தேவையற்றவற்றை மாட்டாமலே விடலாம்; கேபிள் ஒழுங்குக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை வேறொன்றில் மாட்டவே கூடாது. மதர்போர்டு முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் முனையில் எந்தத் துளையில் 5 வோல்ட், எதில் 12 வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பிலும் மாறும். அச்சு பொருந்தி உள்ளே போய்விடும். சுவிட்சைப் போட்டதும் ஹார்டு டிஸ்க் எரிந்துபோகும்.

கேபிளே சூடாகும் இடம் ஒன்றும் இருக்கிறது. புதிய கிராஃபிக்ஸ் கார்டுகளின் 16 பின் இணைப்பு 600 வாட் வரை தரும். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். ஆறு பின்கள் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல். பின்னில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சரியாகச் செருகாமலோ, முனையருகே கேபிளை வளைத்ததால் ஒருபக்கம் சாய்ந்தோ, இரண்டு பின் தொடர்பு இழந்தால் மற்றவை அந்தச் சுமையையும் ஏற்க வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் இணைப்புகள் உருகிய செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டே, முழுதாகச் செருகாவிட்டால் கார்டு இயங்காதபடி இணைப்பின் சிறு பின்களைக் குட்டையாக்கித் தரத்தைத் திருத்தினார்கள். பக்கக் கண்ணாடி அழுத்தும் அளவுக்கு ஒடுக்கமான கேபினட்டில் இந்தக் கார்டை வைக்காதீர்கள். முனையிலிருந்து மூன்று, நான்கு செ.மீ. வரை கேபிள் நேராக வந்த பிறகுதான் வளைய வேண்டும்.

வழியைத் திறந்துவிட்டால் கிடைக்கும் பெரிய பலன், என் அனுபவத்தில், குளிர்ச்சியைவிட அமைதிதான். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஓசையோ 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். ஒரே ஃபேன் முழுவேகத்தில் தள்ளும் காற்றை இரண்டு ஃபேன்கள் அரைவேகத்தில் தள்ளினால், இரண்டின் ஓசை சேர்ந்தும் 12 டெசிபல் மிச்சம். ஆனால் வேகம் பாதியானால் ஃபேன் தரும் அழுத்தம் கால்பங்காகிவிடும். அடைபட்ட முகப்பும் தூசி படிந்த வடிகட்டியும் இருக்கும் பெட்டியில் மெதுவான ஃபேனால் எதையும் தள்ள முடியாது. தடை குறைந்த பெட்டியில்தான் மெதுவாகச் சுழல விடலாம்.

கணினி மேசையில் 'சிபியு வைக்க' என்று தச்சர் செய்துகொடுக்கும் மூடிய மர அறைதான் நம் வீடுகளில் நான் காணும் பெரிய தவறு. முன்னால் கதவு, பின்னால் ஒயர் போகும் ஒரு துளை. கேபினட் வெளியே தள்ளும் சூடான காற்று அந்த அறைக்குள்ளேயே சுற்றி, மறுபடி முன்பக்கமாக நுழையும். அப்போது கேபினட்டுக்கு 'அறை வெப்பம்' 35 இல்லை, 45 அல்லது அதற்கும் மேல். உள்ளே எத்தனை ஃபேன் வைத்தாலும் பயனில்லை. மர அறையின் பின்பலகையைக் கழற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். ஒரு பைசா செலவில்லை.

எங்கே தடை இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஊதுபத்தி. சாம்பல் உள்ளே விழாதபடி வெளியிலேயே பிடித்து, முகப்பு, பக்கச் சந்துகள், பின்வலை என்று மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். எங்கே புகை உள்ளே இழுபடுகிறது, எங்கே தள்ளப்படுகிறது, பின்னால் வந்த காற்று சுற்றிக்கொண்டு முன்னால் போகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். இன்னொன்று, பக்கப் பலகைச் சோதனை. கனமான விளையாட்டையோ வீடியோ மாற்றும் வேலையையோ அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கப் பலகையைக் கழற்றி அதே வேலையை மறுபடி ஓடவிடுங்கள். இரண்டு, மூன்று டிகிரிதான் இறங்கியது என்றால் கேபினட்டின் மேல் பழி இல்லை; தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், கூலர் சிறியதாக இருக்கலாம், தகடுகளில் தூசி இருக்கலாம். எட்டு, பத்து டிகிரி இறங்கினால் காற்றுக்கு வழி இல்லை என்று பொருள். முகப்பையும் வடிகட்டியையும் பாருங்கள். திருத்தம் செய்த பிறகு ஒப்பிடும்போது அறையின் வெப்பத்தையும் அளந்து கழித்துவிட வேண்டும். மே மாதத்தில் பார்த்த 85 டிகிரியும் டிசம்பரில் பார்த்த 75-ம், அறை வெப்பத்தைக் கழித்த பிறகு ஒரே எண்ணாக இருக்கக்கூடும்.